பதினோரு கட்டிகளும் கழுத்தளவு வெள்ளமும்

டிசம்பர் 3, புதன்

என் இடது கையில் இருப்பவற்றுக்கு இன்று பெயர் கிடைத்தது. ஏழு வருடமாக அம்மா அவற்றைச் சூட்டுக் கட்டி என்று சொல்லி வந்தாள். அப்பா "ஒண்ணுமில்ல" என்று சொல்லி வந்தார். தோளுக்குக் கீழே வெளிப்பக்கமாக, ஒரு சாண் இடத்தில் பதினோரு கட்டிகள். சிறியது கடுகளவு, பெரியது துவரம்பருப்பளவு. பழுப்பும் சிவப்பும் கலந்த நிறம். பத்தொன்பது வயதில் ஒன்று வந்தது. மற்றவை அதைப் பார்த்து வந்தன.

தில்லைநகர் டாக்டர் பெலிசிட்டா, போன மாதம் ஒரு கட்டியிலிருந்து துளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். இன்று முடிவு வந்தது.

"புத்துநோய் இல்ல, பயப்படாதீங்க. ஒவ்வொரு முடிக்கும் அடியில ஒரு குட்டித் தசை இருக்கு. குளிர்ல முடிய நிமித்துறது அதுதான். அந்தத் தசையில வர்ற கட்டி இது. சாதுவான கட்டி, ஆனா வலிக்கும். குளிர் பட்டா வலிக்கும், அழுத்துனா வலிக்கும், உணர்ச்சிவசப்பட்டா வலிக்கும்."

அதுவரை சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா திரும்பினார்.

"உணர்ச்சின்னா எது மேடம்?"

"பயம், துக்கம், நல்ல பாட்டு. புல்லரிக்கிற எதுவும்."

ஏன் வலிக்கிறது என்று நான் கேட்டேன். தசை சுருங்குவதால் என்கிறார்கள், கட்டி பக்கத்து நரம்பை நெரிப்பதால் என்கிறார்கள், கட்டிக்குள்ளேயே நரம்பு கூடுதலாக முளைத்திருப்பதால் என்றும் சொல்கிறார்கள், முடிவாக யாருக்கும் தெரியாது என்றார் டாக்டர்.

"மூணு அணி. நல்ல பட்டிமன்றத் தலைப்பு மேடம்" என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது குடும்பத்துல ஓடலாம். சில குடும்பங்கள்ல சிறுநீரகத்துலயும் வேலையக் காட்டும். உங்க பொண்ணுக்கு ஸ்கேன் பாத்தாச்சு, சுத்தமா இருக்கு. உங்களுக்கோ இவங்க அம்மாவுக்கோ இந்த மாதிரி இருக்கா?"

"எங்க வம்சத்துல ஒரு ஆளு மேல ஒரு மச்சம்கூடக் கிடையாது மேடம். எல்லாம் சலவைக்கல்லு."

அப்பாவின் பெயர் மருதவாணன். ஒரு பஸ் டெப்போவில் முப்பத்தோரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சனி ஞாயிறுகளிலும் திருவிழாக்களிலும் அவர் 'சிரிப்புச் செம்மல்' மருதவாணன், பட்டிமன்றப் பேச்சாளர். என் பெயர் செங்காந்தள் என்று இருப்பது இந்த இரண்டாவது வேலையின் விளைவு.

மாத்திரை கொடுத்திருக்கிறார். அதோடு ஒரு நோட்டு போட்டு, ஒவ்வொரு வலியையும் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்: நேரம், இடம், காரணம், பத்துக்கு எத்தனை. மாத்திரை போட்டும் வாரத்துக்கு நான்கு தடவைக்கு மேல் வலித்தால், அந்தத் திட்டை மொத்தமாகத் தோலோடு எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டுமாம். அதற்குக் குறைவென்றால் அதிகம் வலிக்கிற ஒன்றிரண்டை மட்டும் எடுத்தால் போதுமாம்.

திரும்பும் பஸ்ஸில் புத்தூர் நாலு ரோடு தாண்டும்வரை அப்பா பேசவில்லை. அது வழக்கமில்லை. பிறகு கேட்டார்.

"காந்தள், நான் பேசறதக் கேக்கும்போது எப்பவாச்சும் உனக்கு வலிச்சிருக்கா?"

"கவனிச்சதில்லப்பா" என்றேன்.

டிசம்பர் 4, வியாழன்

இரண்டு நோட்டு வாங்கினேன். ஒன்று டாக்டருக்கு, இது எனக்கு. இதற்குக் கோழி வளர்ப்பு பற்றிய ஒரு பழைய புத்தகத்தின் அட்டையை மாட்டியிருக்கிறேன். கல்லூரி நூலகத்தில் நான் உதவி நூலகராகச் சேர்ந்த நான்கு வருடத்தில் அந்தப் புத்தகத்தை ஒருவரும் கேட்டதில்லை. அப்பா எதை எடுத்துப் பார்த்தாலும் கோழியை எடுத்துப் பார்க்க மாட்டார்.

டாக்டர் நோட்டை அப்பா வாங்கிக்கொண்டு போய் அடிக்குச்சியால் கோடு போட்டுக் கொண்டுவந்தார். டெப்போவின் ட்ரிப் ஷீட் மாதிரியே கட்டங்கள். தினமும் மாலை தானே பார்த்து, 'சரிபார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போடுவாராம்.

"அப்பத்தான் அதுக்கு ஒரு மதிப்பு" என்றார்.

ட்ரிப் ஷீட் விஷயத்தில் அப்பாவுக்கு ஒரு பெயர் இருந்தது. வண்டியை எங்காவது நிழலில் நிறுத்திவிட்டு ஓட்டியதாக எழுதிக்கொண்டு வருகிறவர்களை அவர் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார். நான் சின்னவளாக இருந்தபோது அந்த வித்தையைச் சொல்லியிருக்கிறார். ஓடின வண்டியில் எழுதிய ஷீட்டில் கையெழுத்து ஆடும், எண்ணெய் இருக்கும். உட்கார்ந்து எழுதியது அழகாக இருக்கும்.

முதல் பதிவு: காலை 6.50. சமையலறை. தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தேன். குளிர். 4.

டிசம்பர் 6, சனி

அப்பாவுக்கு நடுவரிடமிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார். காணும் பொங்கலன்று உறையூரில் பட்டிமன்றம். தலைப்பு, 'பிள்ளைகளைத் தாங்கி நிற்பது தாயின் மடியா, தந்தையின் தோளா?' போன வருடம்வரை அப்பா அணித் தலைவர். இந்த வருடம் தோள் அணியில் மூன்றாவது பேச்சாளர்.

"கடைசியா வந்து சிரிக்க வெச்சு அனுப்பிருங்கண்ணே. தலைவரா ஒரு சின்னப் பையனப் போட்டிருக்கேன். செல்போன்ல அவனுக்கு நல்ல கூட்டம்."

"அதுக்கென்ன, போடுங்க."

"அடுத்த வருஷம் எப்பிடின்னு பொங்கலுக்கப்புறம் பாத்துக்குவோம்ணே."

போனை வைத்துவிட்டு அப்பா வெந்நீர் போட்டுக் குளித்தார். மே மாதத்திலும் வெந்நீர்தான். மேடையில் மின்விசிறியையும் நிறுத்தச் சொல்வார். கேட்டால் தொண்டைக்காக என்பார்.

டிசம்பர் 7, ஞாயிறு

ஒத்திகை. சோபாவில் என்னை உட்கார வைத்து, என் சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிடச் சொன்னார். ஒலிபெருக்கி இல்லாத குறைக்குக் கையில் உலக்கைப் பூண் மாதிரி ஒரு டார்ச் லைட்.

இந்த வருடத்தின் முக்கியக் கதை, வெள்ளம். ஊருக்குள் ஆற்றுத்தண்ணீர் புகுந்த நாளில், ஆறு வயதான என்னை இடது தோளில் தூக்கிக்கொண்டு, ரேஷன் கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, அப்பா தெருவைக் கடக்கிறார். இன்றைக்குத் தண்ணீர் கணுக்கால் அளவு.

அப்பாவின் புகழ் அவருடைய நிறுத்தத்தில்தான் இருக்கிறது. பேச்சின் நடுவில் சட்டென்று வாயை மூடிக்கொண்டு, இடது தோளை லேசாகத் தூக்கியபடி முப்பது விநாடி அசையாமல் நிற்பார். கூட்டம் மூச்சு விடாது. முன்பெல்லாம் அது எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இப்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறார்.

முடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். பதினோரு கட்டிகளும் அவரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தன.

டிசம்பர் 9, செவ்வாய்

முழங்கால் அளவு. ஒன்றுமில்லை.

டிசம்பர் 10, புதன்

இடுப்பளவு. ஒரு எருமை மிதந்து போனது. ஒன்றுமில்லை.

டிசம்பர் 11, வியாழன்

பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மா இன்று பொறுக்க முடியாமல் வாய் திறந்தாள்.

"என்னங்க, அந்தத் தண்ணி வந்த அன்னிக்கு நாம ஊர்லயே இல்லியே. துறையூர்ல என் தம்பி கல்யாணத்துல பந்தில உக்காந்திருந்தோம். நீங்க ரெண்டாவது தடவ பாயசம் கேட்டீங்க."

"ஊர்ல தண்ணி வந்துச்சா இல்லியா?"

"வந்துச்சு."

"நாம இருந்திருந்தா நான் இவளத் தூக்கியிருப்பேனா மாட்டேனா?"

"தூக்கியிருப்பீங்க."

"அதத்தான் சொல்றேன்."

அம்மா பட்டாணிக்குத் திரும்பினாள். "எருமை யாரோடது?" என்று மட்டும் கேட்டாள்.

டிசம்பர் 12, வெள்ளி

மார்பளவு வந்தும் என் கை அசையவில்லை. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கழுத்தளவுக்குப் போனார். ரேஷன் கார்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, எருமையை ஒரு கையால் தள்ளிவிட்டுக்கொண்டு, பாம்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். முகம் கறுத்துப்போயிருந்தது. கழுத்துக்கு மேல் போனால் மூழ்கிவிடுவார். மூழ்கியவர் உறையூரில் வந்து பேச முடியாது.

நான் "ஸ்ஸ்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா முப்பது விநாடி நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு?" என்றார்.

"எட்டுப்பா."

"எழுதிக்க" என்றார். நல்ல எழுத்தில் எழுதினேன்: மாலை 6.25. கூடம். உணர்ச்சி. 8.

அதன் பிறகு அவர் பேசவே இல்லை. சந்தோஷத்தில் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 13, சனி

மதியச் சாப்பாட்டை மறந்து வந்துவிட்டேன். ஒரு மணிக்கு நூலக ஜன்னல் வழியாகப் பார்த்தால், கல்லூரி வாசலில் அப்பா. ஆண்களை உள்ளே விட மாட்டார்கள். காவலாளியின் நாற்காலிக்குப் பக்கத்தில், டிபன் பாக்ஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சூடு ஆறாமல் இருக்கத் துண்டைச் சுற்றி, நேராக நின்றுகொண்டிருந்தார். யாரிடமும் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் போல இருந்தார்.

பகல் 1.05. நூலகம். 7. காரணம்: குளிர். ஜன்னல் திறந்திருந்தது.

டிசம்பர் 17, புதன்

ஒத்திகை தினமும் நடக்கிறது. தினமும் கழுத்தளவுதான். ரேஷன் கார்டு பல்லுக்குப் போகிற இடத்தில் நான் கையைப் பிடிக்கிறேன். முகத்தைச் சுளிக்க நேற்று குளியலறைக் கண்ணாடியில் பழகிப் பார்த்தேன். முதலில் தும்மல் வரப்போகிறவள் மாதிரி இருந்தது. பிறகு சரியாயிற்று.

டாக்டர் நோட்டில், அப்பாவின் பேச்சு வருகிற கட்டங்களின் ஓரத்தில் மட்டும், சிவப்பு மையில் மிளகளவு வட்டம் ஒன்று இருப்பதை இன்றுதான் கவனித்தேன். தன் வெற்றிகளை எண்ணிக்கொள்கிறார் போலும். பாவமாக இருந்தது.

டிசம்பர் 22, திங்கள்

மாத்திரை உண்மையில் இரத்த அழுத்தத்துக்கானது. தசையை இறுகவிடாமல் வைத்திருக்கும் என்பதால் எனக்கு. தலைவலியும் முகச்சிவப்பும் இனாம்.

"மூஞ்சி செவந்திருக்கே, யாரையாச்சும் பாத்தியா?" என்றாள் அம்மா.

"மாத்திரைம்மா."

"மாத்திரைக்கே இப்பிடின்னா மாப்பிள்ளைக்கு எப்பிடியோ."

மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜுக்கு இப்போது இரண்டுதான். ஆனால் நோட்டைப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது.

டிசம்பர் 30, செவ்வாய்

டாக்டரின் உதவியாளர் நோட்டைப் புரட்டி, மொத்தத்தையும் வலி எண்களையும் மட்டும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார். டாக்டர் சீட்டைப் பார்த்தார்.

"மாத்திரை போட்டும் வாரத்துக்கு ஆறா? அதுலயும் எட்டு, எட்டு, எட்டு. இவ்ளோ வலியோட எதுக்கும்மா இருக்கணும்? மொத்தமா எடுத்துருவோம். ஜனவரி இருவத்திரெண்டுக்கு சர்ஜன்கிட்ட தேதி வாங்கிடறேன். இருவதாந்தேதி நோட்டோட ஒருக்கா வாங்க."

தொடையில் எந்த இடத்திலிருந்து தோல் எடுப்பார்கள் என்று காட்டினார். ஒரு தபால் அட்டை அளவு.

வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு நல்ல சந்தர்ப்பம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மூடிக்கொண்டார். இடது தோள் கொஞ்சம் உயர்ந்தது. மேலே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோர இடத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, பிறகு குளிர்காற்று வரும் என்று என்னை இந்தப் பக்கம் மாற்றி உட்கார வைத்தார்.

5. காற்று.

ஜனவரி 2, வெள்ளி

கணக்கு எளிது. பொய் வலிகளை நோட்டிலிருந்து எடுத்துவிட்டால் என் தொடை தப்பிக்கும். எடுத்தால் அப்பா மாலையில் பார்ப்பார். பட்டிமன்றம் முடியும்வரை பொறுத்துவிட்டு, பதினெட்டாம் தேதி அவரிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினெட்டாம் தேதி என்ன சொல்வது? 'அப்பா, முப்பது நாள் நடித்தேன், உங்கள் பேச்சில் என் கையில் ஒரு முடிகூட எழும்பவில்லை' என்றா?

யோசித்துப் பார்த்தால் தபால் அட்டை பெரிய அளவு இல்லை.

ஜனவரி 5, திங்கள்

"இன்னிக்கு எட்டா, ஒம்பதா?" என்று கேட்டார்.

"எட்டுப்பா."

"ம்" என்றார். டார்ச்சை மேசையில் வைத்துவிட்டு, "ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்றார்.

"எருமை வேணாம்பா. கவனம் அது பக்கம் போவுது" என்றேன்.

ஜனவரி 8, வியாழன்

எருமை நீக்கப்பட்டது. 8.

ஜனவரி 12, திங்கள்

இன்று சீக்கிரம் வந்துவிட்டேன். அப்பா கூடத்தில் தனியாக, டார்ச் லைட்டும் இல்லாமல், சின்னக் குரலில் வெள்ளக் கதையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்குகிற இடம் வந்ததும் இடது தோளைக் குனிந்து தாழ்த்தி, இல்லாத ஒரு பிள்ளையை ஏற்றி, அது விழாமல் இருக்க ஒரு கையால் அதன் காலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு அடி நடந்தார். நான் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றேன்.

மாலை 4.40. வாசல். 8. குளிர்.

ஜனவரி 17, சனி, காணும் பொங்கல்

உறையூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம். முழுக்க ஏ.சி. மேடையில் ஆறு பேச்சாளர்கள், நடுவில் நடுவர், அவர் முன்னால் பித்தளை மணி. நேரம் தாண்டினால் அடிப்பார். டைம் கீப்பராக இருந்த அப்பாவுக்கு முப்பது வருடத்தில் அந்த மணி அடித்ததில்லை. ஆரம்பத்திலேயே போர்த்திய சால்வையை மற்றவர்கள் மடித்து வைத்துவிட்டார்கள். அப்பா மட்டும் முதுகு மூடும்படி போர்த்தியே இருந்தார்.

அணித் தலைவரான அந்தப் பையன் நன்றாகப் பேசினான். கூட்டம் பாதி அவனோடு போய்விட்டது. மடி அணியில் ஒரு பேராசிரியை அழுதார், அழ வைத்தார். மணி எட்டானபோது அப்பா எழுந்தார்.

முதல் ஐந்து நிமிடம் பழைய நகைச்சுவை. முன்வரிசை கைபேசியைப் பார்த்தது. பிறகு வெள்ளம். கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று மளமளவென ஏற்றினார். நானும் அம்மாவும் மூன்றாவது வரிசையில். கழுத்தளவு வந்தது. ரேஷன் கார்டு பல்லுக்குப் போயிற்று. பேசி வைத்தது எதுவும் இல்லை, ஆனால் அவர் என்னைப் பார்த்தார். நான் முகத்தைச் சுளித்து, கையைப் பிடித்தேன்.

அப்பா நின்றார்.

முப்பது விநாடி ஆயிற்று. நாற்பது. தோள் தூக்கியபடி இருந்தது. உதடு வெளுத்திருந்தது. கைபேசிகள் கீழே இறங்கின. நடுவரின் கை மணிப் பக்கம் போய் அங்கேயே நின்றது. ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

"இந்தக் கதை நடக்கலங்க" என்றார் அப்பா.

சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"அன்னிக்கு நாங்க ஊர்லயே இல்ல. துறையூர்ல மச்சான் கல்யாணம். நான் பந்தில இருந்தேன். ரெண்டாவது தடவ பாயசம் கேட்டேன்."

மண்டபம் அதிர்ந்தது. அப்படி ஒரு சிரிப்பை அவருக்கு நான் கேட்டதே இல்லை. அணித் தலைவரான பையன் மேசையைத் தட்டினான். பக்கத்தில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்" என்றார் அப்பா. இன்னும் சிரித்தார்கள். "என் புள்ள எனக்காக உக்காந்து கேக்குது. ஒரு மாசமா கேக்குது. நான் தண்ணிய ஏத்திக்கிட்டே போறேன். அது ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது." சிரிப்பில் பாதி கேட்கவில்லை. "தண்ணி வந்திருந்தா தூக்கியிருப்பேங்க. அவ்ளோதான். வரல."

வணக்கம் சொல்லி உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் ஓய்ந்தபோது நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தோள்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து டாக்டர் நோட்டில் இரண்டு பதிவு எழுதினேன். இரவு 8.11, உணர்ச்சி, 8. இரவு 8.13, குளிர், 9.

மண்டபத்தில் ஏ.சி. மிக அதிகம்.

ஜனவரி 18, ஞாயிறு

நடுவர் காலையிலேயே போன் செய்தார். "அண்ணே, அந்தத் துறையூர் ஐட்டம் பிரமாதம். சித்திரைக்கு நீங்கதான் தலைவர். அதயே வெச்சுக்கங்க, அந்த நிறுத்தத்தோட."

"அது மறுபடி வராதுப்பா" என்றார் அப்பா.

"ஒத்திக பாத்தா வரும்ணே."

போனை வைத்துவிட்டு அப்பா டாக்டர் நோட்டைக் கேட்டு வாங்கினார். சிவப்புப் பேனாவோடு வெகுநேரம் வைத்திருந்தார். நான் சொல்ல வேண்டிய நாள் இன்றுதான். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்த்தார். நான், "சித்திரைக்குத் தலைப்பு என்னப்பா?" என்று கேட்டேன்.

ஜனவரி 20, செவ்வாய்

இதை மெதுவாக எழுத வேண்டும்.

இன்று அம்மாவும் கூட வந்திருந்தாள். டாக்டர் இன்று சீட்டைப் பார்க்கவில்லை. நோட்டையே வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

"மொத்தம் நாப்பத்தெட்டு. சரி. இது என்ன, ஓரத்துல செவப்பு வட்டம்? முப்பத்திநாலு எடத்துல இருக்கு."

"அது அப்பா சும்மா, கணக்குக்கு" என்றேன்.

"அது ஓடாத ட்ரிப் மேடம்" என்றார் அப்பா.

"புரியல."

"ஷீட்ல ஏறியிருக்கும். வண்டி ஓடியிருக்காது."

நான் தரையைப் பார்த்தேன். தரையில் சதுரம் சதுரமாக டைல்ஸ் இருந்தது.

"எழுத்தப் பாருங்க மேடம். வட்டம் போட்டதெல்லாம் முத்து முத்தா இருக்கு. போடாத பதினாலும் கோணல். வலியோட எழுதினா நேரா வராது. இன்னொண்ணு, நெசமா வலிச்சா யாரும் கையப் புடிக்க மாட்டாங்க. தொட்டா இன்னும் வலிக்கும். 'ஸ்ஸ்'னும் சொல்ல மாட்டாங்க. மூச்சக்கூட விடாம அப்பிடியே நின்னுருவாங்க."

"இதெல்லாம் உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க, இங்கயா" என்றாள் அம்மா.

பனியன் இல்லாமல் அப்பாவை நான் பார்த்ததே இல்லை. டாக்டர் எழுந்து வந்து பேனாவின் மறுமுனையால் தொடாமல் எண்ணினார். இடது தோள்பட்டைக்குப் பின்னால், ஒன்பது. என்னுடையவற்றின் அதே நிறம்.

"அம்மை வடுன்னு சொன்னீங்க" என்றாள் அம்மா.

"கல்யாணத்துக்கு முன்னாடி வேற என்னத்தச் சொல்றது."

"இருவத்தெட்டு வருஷம் ஆச்சு கல்யாணமாகி."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

டாக்டர் நாற்காலிக்குத் திரும்பினார். கோபத்தில் அவர் குரல் தாழ்ந்துவிட்டது. "சார், அன்னிக்கு நான் கேட்டேன். சலவைக்கல்லுன்னீங்க. சிறுநீரகத்துல ஏதாச்சும் இருந்திருந்தா?"

அப்பா சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பொத்தான்களைப் பார்த்தார். "நான் குடுத்ததுன்னு ஆயிரும்ல மேடம்."

டாக்டர் பேனாவை மேசையில் வைத்தார்.

"கடைசியா எப்ப வலிச்சுது?"

"முன்னல்லாம் மேடையில வரும். பேசும்போதே வரும், நின்னுருவேன், ஜனங்க கைதட்டுவாங்க. பத்து வருஷமா வரல. என் பேச்சு எனக்கே வலிக்கல. வாட்சப் பாத்து நின்னுக்கிட்டிருந்தேன். டிசம்பர் பன்னெண்டாந்தேதிதான் மறுபடி வந்துச்சு, ஆறு இருவத்தஞ்சுக்கு." டைம் கீப்பர் அல்லவா, நிமிடத்தோடு சொன்னார். "அதுலேர்ந்து தெனமும். இவ கையப் புடிக்கும்போதெல்லாம்."

"அன்னிக்கே தெரியுமாப்பா?"

"ஷீட்டப் பாத்தா தெரியாதா."

"அப்புறம் ஏன் தெனமும் பேசுனீங்க?"

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். நீ ஏன் தெனமும் புடிச்ச?"

"நீங்க நிறுத்துவீங்கன்னு பாத்தேன்."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேந்து ஒரு நல்ல கைத் தோல உரிக்க வெச்சிருப்பீங்க" என்றார். பிறகு முப்பத்துநான்கைக் கழித்தார். வாரத்துக்கு இரண்டு. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒவ்வொரு கட்டியாக வைத்துப் பார்த்து, பெரிய இரண்டில் மட்டும் மையால் குறி போட்டார். அதே இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, மரத்துப்போக ஊசி, நான்கு தையல். தொடைக்கு வேலையில்லை. அப்பாவுக்கு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார். "உங்களுக்கும் ஒரு நோட்டுப் போடுங்க சார்" என்றார்.

வெளியே வரும்போது, கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். பதினேழாம் தேதி 8.11க்குப் பக்கத்தில் சிவப்பு வட்டம் இருந்தது. 8.13க்குப் பக்கத்தில் இல்லை.

ஜனவரி 21, புதன்

அப்பாவின் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. வருடா வருடம் பார்க்க வேண்டும். அம்மா அவரோடு இன்னும் பேசவில்லை. ஆனால் வெந்நீர் அவளே போட்டு வைத்தாள்.

ஜனவரி 24, சனி

வியாழனன்று இரண்டும் போயின. ஒன்பது மீதி. இப்போது எனக்கும் அப்பாவுக்கும் சமம்.

கையைத் தூக்கக் கூடாது என்பதால் வீட்டில் இருக்கிறேன். அப்பா தன் நோட்டைக் கொண்டுவந்து வைத்தார். தனக்குத் தானே கோடு போட்டிருக்கிறார். சிவப்புப் பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, "தன் ஷீட்டத் தானே பாக்கக்கூடாது, அது ரூல்" என்று சொல்லிவிட்டுப் பால் வாங்கப் போய்விட்டார்.

இதுவரை ஒரே ஒரு பதிவு.

ஜனவரி 22. காலை 9.40. ஆபரேஷன் அறைக்கு வெளியே, வராந்தா. வலி 8. காரணம்: குளிர்.

அந்த வராந்தா கிழக்குப் பார்த்தது. ஒன்பதரை மணி வெயில் முழுக்க அங்கேதான் விழும். என்னை உள்ளே கூட்டிப்போகும்போது அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

எழுத்து கோணலாக இருந்தது. நான் பேனாவைத் திறந்தேன். வட்டம் போடாமல், கீழே கையெழுத்து மட்டும் போட்டேன்: சரிபார்க்கப்பட்டது.